சுனாமிக்குப் பிந்திய உணவு நிவாரணமும் வாழ்வாதார மீட்சியும் (வட இலங்கை)

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அதன் பேரலை இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறியது. சுமார் 35,000 பேர் மாண்டனர். ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் வீடிழந்தனர். நாட்டின் மீன்பிடிக் கலங்களில் நான்கில் மூன்று பங்கு அழிந்தன அல்லது சேதமுற்றன. வடக்கில் மிக மோசமாக அடிபட்ட கரைகளில் முல்லைத்தீவும் வடமராட்சி கிழக்கும் அடங்கும்.

ஏ32 வீதியில் இலுப்பைக்கடவைக்கும் முழங்காவிலுக்கும் இடையில் இருக்கும் வெள்ளாங்குளம், மன்னார் மாவட்டத்தில் மேற்குப் பக்கம் கடலைப் பார்த்த ஊர். பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பட்டியலில் மன்னார் இல்லை. ஆயினும் சுனாமிக்காக உருவான நிவாரண முறைகள் இந்தக் கரைக்கும் பிறகு வந்தன, கொண்டுவந்தது போர்.

சுனாமியில் பாதிக்கப்பட்டோருக்கு அரசு ஆளுக்கு வாரம் ரூ. 375 கொடுத்தது. ரூ. 200 காசு, மீதி பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் வழியாகப் பொருள். சட்டி பானைக்கு ரூ. 2,500, ஈமச் செலவுக்கு ரூ. 15,000, குடும்பத்துக்கு மாதக் கொடுப்பனவாக ரூ. 5,000 என வேறு உதவிகளும் இருந்தன. பட்டினிச் சாவு வராமல் காத்ததில் இவற்றுக்கும் உலக உணவுத் திட்டத்தின் அரிசிக்கும் பெரும் பங்குண்டு. 2005 இறுதியில் கிழக்கிலும் தெற்கிலும் சில இடங்களில் அரிசிக்கும் மாவுக்கும் பதிலாகக் காசு கொடுத்துப் பார்த்தார்கள். காசு பெற்ற வீடுகளில் உணவு வகை கூடியது, பாலும் இறைச்சியும் சேர்ந்தன. ஏழைகள் காசை வீணாக்குவார்கள் என்ற பழைய சந்தேகத்துக்கு இது நல்ல மறுமொழி.

தொழில் மீட்சி இவ்வளவு சீராக நடக்கவில்லை. தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு சிறிய கண்ணாடியிழைப் படகுகளை வழங்கின. சில இடங்களில் முன்பு இருந்ததை விடப் படகுகள் கூடின. தரக்குறைவானவையும் அவற்றில் இருந்தன. படகு கிடைத்தவருக்கு வலை, இயந்திரம், எண்ணெய், ஐஸ், மீனை எடுக்கும் முதலாளி எல்லாம் வேண்டும். கருவாடு போடும் பெண்களும் கரைவலை இழுக்கும் கூலியாட்களும் படகுக் கணக்கில் வரவே இல்லை. வடக்கு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை விதிக்கப்பட்டதால் பலர் தொழிலிடத்தை விட்டுத் தள்ளிப் போனார்கள். அரசும் விடுதலைப் புலிகளும் உதவியைச் சேர்ந்து பகிர 2005 ஜூன் 24 அன்று கையெழுத்தான பொதுக்கட்டமைப்பின் முக்கிய பிரிவுகளை அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. வடக்கு மக்களுக்கு அது பேரிழப்பு.

2006இல் போர் மீண்டும் மூண்டது. சுனாமிக்குப் பின் முல்லைத்தீவில் கட்டியவற்றில் பெரும்பகுதி அதில் அழிந்தது. வெள்ளாங்குளம் 2008 ஆகஸ்ட் தொடக்கத்தில் இராணுவத்தின் கைக்குப் போனது. சனங்கள் கிழக்கே இடம்பெயர்ந்து, உயிர் தப்பியவர்கள் கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களை அடைந்தார்கள். நாளுக்கு ஆளுக்கு 200 கிராம் அரிசி, 200 கிராம் கோதுமை மா, 60 கிராம் பருப்பு, 20 கிராம் எண்ணெய், 20 கிராம் சீனி: உலர் உணவுப் பங்கீடு இதுதான். அந்த மாவில் புட்டு அவிக்கத் தேங்காய் வேண்டும். பங்கீட்டில் தேங்காய் இல்லை. மீனும் இல்லை, அதுவும் கடற்கரைச் சனங்களுக்கு. பங்கீட்டில் ஒரு பகுதியை விற்றுக் கறிக்கு வழி பார்த்த குடும்பங்களை நிவாரணத்தை ஏமாற்றியவர்கள் என்று சொல்வது அநியாயம்.

2009 இறுதியிலிருந்து மீள்குடியேற்றம் தொடங்கியது. திரும்பியவர்களுக்கு ஆறு மாத உலர் உணவு, கூரைத் தகரம், குடும்பத்துக்கு ரூ. 25,000. வயலில் கண்ணிவெடி அகற்றி முடியும் வரை விதைக்க முடியவில்லை. கடலுக்குப் போகவும் அனுமதி வேண்டியிருந்தது. உணவு உதவி முடியும் நாளும் தொழில் தொடங்கும் நாளும் ஒன்றாக வராததே இக்கரையின் நீண்ட துன்பம். நண்டு வலை கடனுக்கு வாங்கிக் கடலில் இறக்கியவர்களின் வலைகளை இந்திய இழுவைப் படகுகள் இரவில் அறுத்துக்கொண்டு போயின. 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடி மீன்பிடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அதன் பின்னும் பாக்கு நீரிணையில் அந்தப் படகுகளின் வருகை நிற்கவில்லை.