நீ, நீர், நீங்கள்

எங்கள் ஆழ்வார்குறிச்சிக் கடைத்தெருவில் பழகியவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், "என்னவே, எப்போ வந்தீரு?" என்றுதான் பேச்சு தொடங்கும். வெளியூர்க்காரர்களுக்கு அது அதட்டலாகக் கேட்கும். எங்களுக்கு அதில் பிரியமும் உண்டு, மரியாதையும் உண்டு.

அந்த 'நீர்' மிகப் பழைய சொல். ஆதியில் பலரைப் பார்த்துச் சொல்லும் பன்மை. சங்கப் புலவர்கள் அரசனையே 'நீ' என்றுதான் பாடினார்கள். ஒருவரைப் பன்மையில் சொல்வது உலக வழக்கில் உயர்த்திச் சொல்வது, இலக்கண முறை அன்று என்கிறது தொல்காப்பியம். பிற்பாடு 'நீர்' ஒருவருக்கே உரிய மரியாதைச் சொல் ஆனது. அதுவும் போதாமல், 'கள்' ஏறிய 'நீங்கள்' வந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியிலும் 'து' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். துருக்கி மொழியில் 'சென்', 'சிஸ்'. 1793-இல், புரட்சிக் காலத்தில், எல்லாரும் எல்லாரையும் 'து' என்றே அழைக்கவேண்டும் என்று பிரான்சில் முயன்றார்கள், நிலைக்கவில்லை. துருக்கியில் 1934-இல் எஃபெந்தி, பே, பாஷா பட்டங்களைச் சட்டம் போட்டு நீக்கினார்கள். இன்றும் பெயரோடு 'பே' சேர்த்துத்தான் மரியாதையாக அழைக்கிறார்கள். கூப்பிட்டால் 'எஃபெந்திம்' என்றுதான் பதில் குரல் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பலருடைய பெயருக்குப் பின்னால் இருந்த பட்டம் போயிற்று. கூப்பிடுகிற வாயில் இருந்தது அவ்வளவு சுலபமாகப் போகவில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருவேன். எங்கள் வயலில் வேலை பார்த்தவருக்கு அறுபது வயது. அவரை நான், "ஏலே, இங்க வா" என்பேன். அவர் என்னை, "வாங்க சின்னய்யா" என்பார். பள்ளிக்கூடத்தில் காவல்காரரை 'து' என்று சொன்னாலும் வாத்தியார் உடனே திருத்துவார். ஊரில் என்னை யாரும் திருத்தவில்லை.

உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு, ஒருநாள் கடனா நதிக் கரையில் அவரைப் பார்த்தேன். "வாங்கய்யா, சௌக்கியமா?" என்றேன். பதில் சொல்வதற்கு முன்னால், யார் காதிலாவது விழுந்ததா என்று சுற்றிலும் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "இருக்கேன்யா. எனக்கு என்னத்துக்கு இதெல்லாம்?" என்றார். நான் கொடுத்த மரியாதை அவருக்குப் பயத்தைத்தான் கொடுத்தது.

'வே', 'ஏலே' என்ற சொற்களில் குற்றம் இல்லை. நண்பர்களுக்குள் அவற்றைவிடப் பிரியமான அழைப்பு எங்கள் பக்கம் கிடையாது. கேட்டவர் அதையே திருப்பிச் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. அந்தப் பெரியவரால் கடைசிவரை முடியவில்லை.

அவருடைய மகனுக்கு என் வயதுதான். போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் பின்னாலிருந்து தோளைத் தட்டி, "என்னவே, சௌக்கியமா இருக்கீரா?" என்றார்.

"இருக்கேன்வே, நீரு?" என்றேன்.