லோகி மூடின ஆண்டு, பாதை திறந்த ஆண்டு

2002ஆம் ஆண்டு ஜனவரி 31இல் கலிபோர்னியாவில் லோகி சொவ்ற்வெயார் என்ற சின்னக் கொம்பனி ஒன்று கதவை மூடியது. லினக்ஸுக்குக் கேம் செய்து விற்றுப் பிழைக்கலாம் என்று நம்பி 1998இல் தொடங்கின கொம்பனி. அது மூடி இரண்டு மாதம் கழிய, ஏப்ரலில், ஏ9 பாதை திறந்தது.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சம்பவங்கள்தான். ஆனால் இண்டைக்கு வட்டுக்கோட்டையில ஒரு வீட்டு மேசையில நிக்கிற கணினி ஏன் விண்டோஸில ஓடுது எண்டு கேட்டால், பதிலின் பாதி இந்த ரெண்டு மாதத்துக்குள்ள கிடக்கு. லினக்ஸில கேம் எண்ட கதை முடிஞ்சுபோன நேரம் பார்த்துத்தான் எங்களுக்குக் கணினி பரவலா வந்து சேர்ந்தது.

கொஞ்சம் பின்னுக்குப் போவம். 1991 ஓகஸ்ற்றில் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவன், தான் ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும் அது வெறும் பொழுதுபோக்குத்தான் என்றும் அறிவித்தான். அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. 1990இல் போன கரண்ட் பிறகு வருசக்கணக்கா வரவில்லை. பொருளாதாரத் தடையில் பற்றரிக்கும் தடை. அம்மா அப்பாட்டக் கேட்டுப் பாருங்கோ: ஜாம் போத்தில் விளக்கில படிச்சதும், சைக்கிளைத் தலைகீழா நிமித்தி டைனமோவைச் சுத்திப் பாட்டுக் கேட்டதும் சொல்லுவினம். 1993இல் வந்த டூம் என்ற கேம், அடுத்த வருசமே லினக்ஸிலும் ஓடியது. அதாவது லினக்ஸில் கேம் என்பது இண்டைக்கு நேற்று வந்த ஆசையில்லை. லினக்ஸுக்கு மூன்று வயசாக இருக்கும்போதே தொடங்கின கதை. அந்தக் கதையின் முதல் அத்தியாயம் முழுக்க நாங்கள் இருட்டுக்குள்ள இருந்தம்.

லோகி செய்த வேலையை விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் விளங்கும். விண்டோஸுக்கு எழுதப்பட்ட கேம் ஒன்றின் மூல நிரலை உரிமைப் பணம் கொடுத்து வாங்குவார்கள். விண்டோஸோடு அது பேசுகிற ஒவ்வொரு இடத்தையும் தேடிப் பிடித்து, லினக்ஸோடு பேசுகிற மாதிரி மாற்றி எழுதுவார்கள். பிறகு பெட்டியில் போட்டுக் கடைக்கு அனுப்புவார்கள். சிவிலைசேஷன் வரிசையில் வந்த கோல் டு பவர்தான் முதலில் வந்தது, 1999இல். குவேக் 3ம் வந்தது. வேலை சுத்தமான வேலை. ஆனால் விண்டோஸ் பதிப்பு வந்து மாதங்கள் கழிந்த பிறகுதான் லினக்ஸ் பெட்டி கடைக்கு வரும். அதுவரை எவன் பொறுப்பான்? லினக்ஸ் வைத்திருந்தவர்களில் கன பேர் பக்கத்திலேயே விண்டோஸும் வைத்திருந்தார்கள். அதை வாங்கி விளையாடி முடித்துவிட்டார்கள். கடன் ஏறி, 2001 ஓகஸ்ற்றில் வங்குரோத்துக்கு விண்ணப்பித்து, அஞ்சு மாதத்தில் கதை முடிந்தது.

இந்த மாதிரி ஒரு வேலையை எங்கட ஊர்ப்பக்கம் ஒருத்தர் முந்தியே செய்து பார்த்திருக்கிறார். 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன். வட்டுக்கோட்டையில் தொடங்கி மானிப்பாய்க்குப் போனவர். 1823இல் தொடங்கின வட்டுக்கோட்டை செமினரி ஆங்கிலத்தில் படிப்பிச்சது. கிறீன் மறுபக்கமா நடந்தார். மாணவனை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகாமல் மருத்துவத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். உடற்கூற்றியல், பிரசவ மருத்துவம் என்று பெரிய புத்தகங்களை, இல்லாத சொற்களை உண்டாக்கி உண்டாக்கி மொழிபெயர்த்தார். 1870இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் திறந்தது. 1873இல் கிறீன் ஊர் திரும்பினார். அதுக்குப் பிறகு மருத்துவம் வளர்ந்துகொண்டே போனது, தமிழ்ப் புத்தகங்கள் நிண்ட இடத்திலேயே நிண்டன. ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரு ஆள் இருந்து கையால கொண்டுவர வேணும் எண்டால், ஆள் போக எல்லாம் போகும். லோகிக்கு நடந்ததும் இதுதான்.

(லோகியில் மிஞ்சின ஒண்டு எஸ்.டி.எல். கேமுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் நிற்கிற ஒரு நிரலகம். அதை எழுதின சாம் லான்ரிங்கா லோகியின் முதன்மை நிரலாளர். இண்டைக்கும் எண்ணிக்கை இல்லாத கேம்களுக்குள்ள அது இருக்கு. கொம்பனி செத்துக் கருவி உயிரோட இருக்கிறது லினக்ஸ் உலகத்தில அடிக்கடி நடக்கிறது.)

சரி, ஏ9 திறந்தது. கொழும்பிலிருந்து கணினிகள் வந்தன. விண்டோஸ் 98, பிறகு எக்ஸ்பி. நெற் கஃபேகள் முளைத்தன. வைஸ் சிற்றி, ஐ.ஜி.ஐ, கவுன்ரர் ஸ்ட்ரைக் எல்லாம் எரித்த சீடியில் கைமாறின. இங்கதான் லினக்ஸ்காரர் எப்பவும் தவறவிடுற ஒரு விசயம் இருக்கு. லினக்ஸ் இலவசம் எண்டு சொல்லி ஜேர்மனியில ஒருத்தரை மயக்கலாம். யாழ்ப்பாணத்தில விண்டோஸும் அதே விலைதான்: ஒரு வெறும் சீடியின்ர விலை. 2003இல் வந்த புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்குது. ஆனால் 2011ஆம் ஆண்டுக்கு பி.எஸ்.ஏ அமைப்பு வெளியிட்ட கணக்கிலும் இலங்கையில் அனுமதியில்லாமல் ஓடிய மென்பொருள் எண்பது சதவீதத்துக்கு மேல். ரெண்டும் ஒரே விலை எண்டால் பெடியள் கேம் ஓடுறதைத்தான் எடுப்பாங்கள். அதில பிழை பிடிக்க எனக்கு ஒண்டும் இல்லை.

உபுண்டுக்காரர் கேட்டவர்களுக்கெல்லாம் சீடியைத் தபாலில் உலகம் முழுக்க இலவசமாக அனுப்பினார்கள், 2011 வரைக்கும். எங்களுக்கு 2006 ஓகஸ்ற்றில் பாதை திரும்பவும் மூடுப்பட்டது. அதுக்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

அரசாங்கம் லினக்ஸைக் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் பக்கத்திலேயே பார்க்கலாம். 2011இல் தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கினபோது, அதில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கேரளாவில் பாடசாலைக் கணினிக் கல்வி முழுக்கவே லினக்ஸில்தான். கேரளப் பிள்ளைகள் லினக்ஸில் படிக்கிறார்கள், சோதினை எழுதுகிறார்கள். விளையாடுறதுக்கு எங்க போறது? ஒரு இயங்குதளத்தைப் பாடமாக்கினால் அது பள்ளிக்கூடத்திலேயே நிண்டுவிடும் என்பது என்ர எண்ணம். வீட்டுக்குள்ள அது வாறது விளையாட்டோடதான்.

இரண்டாம் அத்தியாயத்தைத் தொடக்கி வைத்தது லினக்ஸ் மீதான அன்பு இல்லை, பயம். 2012இல் விண்டோஸ் 8 வரப்போகிறது, அதுக்குள்ளேயே மைக்ரோசொவ்ற்றின் சொந்தக் கடையும் வரப்போகிறது. ஸ்டீம் என்ற கடையை நடத்துகிற வால்வ் கொம்பனியின் தலைவர் கேப் நியூவெல், விண்டோஸ் 8 கணினி உலகத்துக்கே பேரழிவு என்று வெளிப்படையாகச் சொன்னார். வீட்டுக்காரன் தானே கடை போடப் போறான் எண்டால், வாடகைக்கு இருக்கிறவன் வேற காணி பார்க்கத்தானே வேணும். 2013 பெப்ரவரியில் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015 நவம்பரில் ஸ்டீம் மெஷின் என்ற பெட்டிகள் வந்து, வந்த சுவடு தெரியாமல் போயின. காரணம் பழையதே: கேம் செய்கிறவர்களே லினக்ஸுக்கும் செய்து தருவார்கள் என்று வால்வ் காத்திருந்தது. கொஞ்சப் பேர்தான் செய்தார்கள். லோகியின் பிழையையே பெரிய காசோட திரும்பச் செய்தார்கள் என்று சொல்லலாம்.

2018 ஓகஸ்ற்றில் வந்த புரோட்டான் அந்த வழியை விட்டுவிட்டது. கேமை மாற்றவே தேவையில்லை. விண்டோஸுக்கு எழுதினது அப்படியே வரட்டும், அது ஓட ஓடப் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்போம். இதுக்கு அடித்தளம் 1993இலிருந்து எழுதப்பட்டு வரும் வைன். கேம் விண்டோஸைப் பார்த்து “இந்தக் கோப்பைத் திற” என்று கேட்டால், வைன் அதை வாங்கி லினக்ஸிடம் லினக்ஸின் பாஷையில் கேட்டுக் கொடுக்கும். கஷ்டமான இடம் படம் கீறுகிற வேலை. விண்டோஸ் கேம்கள் டைரக்ட்3டி என்ற பாஷையில் கிராபிக்ஸ் அட்டையோடு பேசும். பிலிப் றெபோலே என்ற இளைஞருக்கு நியர் ஒட்டோமாட்டா என்ற கேமை லினக்ஸில் விளையாட வேணும். அதுக்காக, அந்தப் பாஷையை 2016இல் வந்த வல்கன் என்ற பொதுப் பாஷைக்கு மாற்றுகிற டி.எக்ஸ்.வி.கே என்ற நிரலை எழுதத் தொடங்கினார். வால்வ் பிறகு அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஒரு கேமில் கிடந்த ஆசைதான் ஆயிரக்கணக்கான கேம்களுக்கு வழி திறந்தது.

புரோட்டான் வந்த நாளில் வால்வ் உறுதி சொன்ன கேம்கள் 27. 2022 பெப்ரவரியில் ஸ்டீம் டெக் என்ற கையடக்கப் பெட்டி லினக்ஸோடு வந்தபோது ஆயிரக்கணக்கில் ஓடின. 2025 ஒக்டோபரில் ஸ்டீமின் மாதாந்தக் கணக்கெடுப்பில் லினக்ஸ் முதல் தடவையாக மூன்று சதவீதத்தைத் தாண்டியது. அடுத்த மாதம் வால்வ் ஸ்டீம் மெஷின் என்ற அதே பெயரில் புதுப் பெட்டி ஒன்றையும் அறிவித்தது.

ஒரு வேடிக்கை இருக்கு. லோகி அவ்வளவு பாடுபட்டு லினக்ஸுக்கென்றே செய்த கேம்களை இண்டைய லினக்ஸில் ஓட்டுறது பெரும்பாடு. அடியில் கிடந்த நிரலகங்கள் எல்லாம் மாறிப்போயின. அதே கேம்களின் விண்டோஸ் பதிப்பு பெரும்பாலும் வைனில் லேசாக ஓடும். சொந்த மொழியில எழுதினது வாசிக்கேலாமல் போக, மொழிபெயர்ப்பாளன் வாய்ச்சொல் நிண்டு பிடிக்குது.

இதில எனக்குச் சந்தோசம் பாதிதான். மொழிபெயர்ப்பாளன் எப்பவும் பக்கத்தில நிக்கிறான் எண்டால், பிறகு லினக்ஸிலேயே யார் எழுதப்போறது? முந்தி பிரித்தானியாவின் ஃபெரல் இன்ரரக்ரிவ் போன்ற கொம்பனிகள் பெரிய கேம்களை லினக்ஸுக்குக் கொண்டுவந்தன. புரோட்டானுக்குப் பிறகு அந்த வரத்து வத்திப்போனது. எல்லாக் கேமும் ஓடுது, ஆனால் கேமின் விதியை எழுதுறவன் இப்பவும் விண்டோஸை மட்டும் பார்த்துத்தான் எழுதுறான். அவன் வேண்டாம் எண்டால் ஓடாது.

அப்பிடி வேண்டாம் எண்டவைதான் எங்கட பெடியள் விளையாடுற கேம்கள். வலொரண்டைக் காவல் காக்கிற வான்கார்ட் விண்டோஸின் கருவுக்குள்ளேயே இறங்கி நிக்கும். லினக்ஸில் அதுக்கு இடமில்லை. ஃபோர்ட்நைட் வராது. இந்தக் காவல் நிரல்களில் பெரிய இரண்டு, ஈஸி அன்ரி-சீற்றும் பற்றில்-ஐயும், 2021இலேயே புரோட்டானுக்குச் சம்மதம் சொல்லிவிட்டன. ஆனால் திறந்துவிடுறதா இல்லையா எண்டு முடிவெடுக்கிறது ஒவ்வொரு கேம் கொம்பனியும்தான். பப்ஜி இன்னும் திறக்கவில்லை. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் திறந்து வைத்திருந்து, 2024 ஒக்டோபர் கடைசியில், லினக்ஸ் வழியாகக் கள்ளவேலை நடக்குது எண்டு சொல்லி மூடியது.

போனில பப்ஜி, ஃப்றீ ஃபயர் விளையாடுறவைக்கு இன்னொண்டு சொல்லோணும். அன்ட்றொயிட்டின் கரு லினக்ஸ்தான். வட்டுக்கோட்டைச் சந்தியில மதிலில குந்தியிருந்து விளையாடுற ஒவ்வொரு பெடியனும் லினக்ஸில்தான் விளையாடுறான். லினக்ஸ் கேம் உலகத்தை எப்பவோ பிடிச்சிட்டுது, ஒருத்தருக்கும் தெரியாமல், லினக்ஸின்ர ஒரு சுதந்திரமும் இல்லாமல்.

இப்ப இதைக் கதைக்கிறதுக்கு ஒரு அவசரமும் இருக்கு. 2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு இருந்த ஆதரவு முடிஞ்சுது. இன்ரெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தின கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. யாழ்ப்பாணக் கடைகளில பெடியள் வாங்குறது வெளிநாட்டு அலுவலகங்களில கழிச்சுவிட்ட டெல், ஹெச்.பி. பெட்டிகள்: நாலாம் தலைமுறை, ஆறாம் தலைமுறை. 2022இல் சில மாதங்களுக்குள்ள டொலர் ஏறக்குறைய இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போன நாட்டில, புதுசு வாங்கு எண்டு சொல்லேலாது. ஸ்டீம் டெக் இங்க விற்பனைக்கே இல்லை. கனடாவிலயிருந்து யாரும் பெட்டிக்குள்ள வைச்சுக் கொண்டுவந்தால் உண்டு.

ஆறாம் தலைமுறைப் பெட்டி வைச்சிருக்கிறவர் லினக்ஸ் போடலாம். அதுக்குள்ள இருக்கிற இன்ரெல் கிராபிக்ஸ் வல்கன் 1.3 பேசும், இப்பத்தைய டி.எக்ஸ்.வி.கேக்கு அது காணும். பாரமான கேம்களை அது இழுக்காது, ஆனால் பழைய கேம்களும் சின்னக் கேம்களும் ஓடும். நாலாம் தலைமுறையில வல்கன் அரைகுறை. தனிக் கிராபிக்ஸ் அட்டை இல்லையெண்டால் வைனின் பழைய ஓபன்ஜிஎல் வழிதான், அதில வேகம் குறையும். ஆனால் அஞ்சு பேர் சேர்ந்து இரவில வலொரண்ட் விளையாடுற ஒரு கூட்டத்தில, ஒருத்தன்ர பெட்டி பழசாகி அவன் மட்டும் லினக்ஸுக்குப் போனால், அடுத்த நாள் இரவு நாலு பேர்தான் விளையாடுவாங்கள். அவன் பழைய விண்டோஸ் 10ஐயே, பாதுகாப்பு இற்றைப்படுத்தல் இல்லாமல், வைச்சுக்கொண்டு இருப்பான்.