துடிக்காத நாடி



சென்ற மாதம் ஒரு சகோதரி தொலைபேசியில் கேட்டார்: "அண்ணை, அப்பாவுக்கு இதயப் பம்பி வைச்சிருக்கினம். கையைப் பிடிச்சால் நாடி துடிக்கேல்லை. பயமாக் கிடக்கு."

நாடி விழுந்தால் உயிர் போய்விட்டது என்பதுதானே எங்கள் ஊர் வழக்கு! நான் கணக்காளன், வைத்தியன் அல்ல. படித்தறிந்ததைச் சொல்கிறேன்.

1982இல் அமெரிக்காவின் யூட்டாவில் பார்னி கிளார்க் என்பவருக்கு ஜார்விக்-7 செயற்கை இதயம் பொருத்தப்பட்டது. 112 நாட்கள் வாழ்ந்தார். அது இயற்கை இதயம் போலவே துடித்தது. ஆனால் துடிக்கும் கருவிகள் பெரியவை, விரைவில் தேய்பவை. ஆகவே சுழன்று, இடைவிடாது இரத்தம் தள்ளும் சிறிய பம்பிகள் வந்தன. 2008இல் அமெரிக்கா அனுமதித்த ஹார்ட்மேட் 2 அத்தகையது. பலருக்கு ஆயுள் நீண்டது. நாடித்துடிப்பு மங்கியது.

நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் இரத்தம் போனால் கணக்குச் சரிதானே? நாடிச்சுவர் அதை ஏற்கவில்லை. துடிப்புக்குத் துடிப்பு விரிந்து சுருங்குவது அதன் இயல்பு. இப்பம்பியுடன் வாழ்ந்தவர்களின் பெருநாடியைப் பரிசோதித்தபோது, மீள்தன்மை தரும் இலாஸ்ரின் குறைந்து, கொலாஜன் கூடி, சுவர் தடித்து விறைத்திருந்தது.

2017இல் அனுமதி பெற்ற ஹார்ட்மேட் 3, இரண்டு செக்கனுக்கு ஒருமுறை வேகத்தை மாற்றுகிறது. அது பம்பிக்குள் இரத்தம் உறையாதிருக்கவே; இயற்கைத் துடிப்புக்கு ஈடாகாது.

சகோதரி, அப்பாவின் நாடி கைக்குத் தெரியாதது மட்டும் ஆபத்தின் அடையாளம் அல்ல. அவசரத்துக்கு அம்புலன்ஸ் வந்தால், "பம்பி வைச்சிருக்கு" என்பதையே முதலில் சொல்லுங்கள்.