அடுக்களைக் கணக்கில் விடுபட்ட கூலி

அரசர்களின் போர்களையும் அரண்மனைகளின் வீழ்ச்சியையும் எழுதிவைத்த வரலாற்றாசிரியர்கள் ஏழையின் அடுப்பை எட்டிப் பார்த்தது குறைவு. ஆயினும் ஒரு நாட்டின் பொருளாதாரம் தன் மக்களை எவ்விதம் நடத்துகிறது என்பதற்கு அடுப்பைவிட நேர்மையான சாட்சி வேறில்லை. கடையில் சோற்றுப் பார்சல் வாங்குவது மலிவா, வீட்டில் உலை வைப்பது மலிவா என்ற கேள்வி வெறும் சில்லறைக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் 1942 தொடங்கி 2022 வரையான எண்பது ஆண்டுகளில் இக்கேள்விக்குரிய விடை பலமுறை மாறியிருக்கிறது. அம்மாற்றங்களின் பின்னால் நின்றவை பெரும்பாலும் போரும் அரசியல் முடிவுகளுமே ஆகும்.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கிழக்கில் கடலும் மேற்கில் வாவியுமாக அமைந்த களுதாவளையை எடுத்துக்கொள்வோம். பிள்ளையார் கோயிலாலும் வெற்றிலைக் கொடிக்கால்களாலும் பெயர்பெற்ற ஊர் அது. மணற்பாங்கான நிலத்தில் கிணற்று நீரை இறைத்து மிளகாயும் கத்தரியும் விளைவிக்கும் உழவர் வாழுமிடம். பரந்த நெல்வயல்களோ வாவிக்கு அப்பால், படுவான்கரையில் கிடக்கின்றன. ஆதலால் எழுவான்கரை உழவர்கள் தோணியேறியும் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தும் வயலுக்குச் சென்றனர். அவர்களோடு வாழையிலையில் பொதிந்த கட்டுச்சோறும் சென்றது.

அன்று சோறு வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்குப் போயிற்று. இன்று தெருவோரச் சாப்பாட்டுக் கடையிலிருந்து வீட்டுக்கு வருகிறது. இந்தத் திசைமாற்றம் எவ்வாறு நேர்ந்தது?

கட்டுச்சோற்றின் விலை என்ன என்று அக்காலத்தில் எவரும் கேட்டதில்லை. நெல் வயலின் பங்கு. தேங்காய் வளவின் பங்கு. மீன் வாவி தந்தது. விறகு காட்டில் பொறுக்கியது. காசு கைமாறிய இடங்கள் மிகச் சிலவே. எனவே அச்சோறு மலிவானது என்று சொல்லிவிட்டோம். ஆனால் நெல்லைக் குற்றியவள் யார்? சேவல் கூவுமுன் எழுந்து நீரள்ளி, அம்மியில் அரைத்து, தேங்காய் துருவி, புகையில் கண் கலங்கியவள் யார்? அவளுடைய உழைப்புக்கு எந்தக் கணக்கேட்டிலும் ஒரு சதம் பதியப்படவில்லை. கூலி கொடாத வேலையை மலிவான வேலை என்று அழைக்கும் வழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. இதை மனத்திலிருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இலங்கை உண்ட அரிசியில் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் கைக்குள் போனதும் அந்த வழி அடைபட்டது. 1942இல் அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. கூப்பன் புத்தகமும் சங்கக் கடையும் கிராமத்து அடுக்களைக்குள் நுழைந்தன. போர் முடிந்த பின்னரும் பங்கீடு நீடித்தது. அரசின் மானியம் உலையின் விலையைத் தாங்கி நின்றது.

1953ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அந்தத் தாங்குதூணை இழுத்தது. நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்தனா, ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். வாரம் எட்டுக் கொத்து வாங்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டு ரூபாவாக இருந்த செலவு ஒரே நாளில் ஐந்து ரூபா அறுபது சதமாயிற்று. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த இலவச மதிய உணவும் நின்றது. வீட்டு உலையும் பள்ளி உணவும் ஒரே பேனாவின் கோட்டில் வெட்டப்பட்டன. ஆகஸ்டு 12ஆம் நாள் இடதுசாரிகளின் அழைப்பில் ஹர்த்தால் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். ஒரு கொத்து அரிசியின் விலை ஒரு பிரதமரை அசைத்தது.

அதன் பின்னர் அரிசியே தேர்தல் மேடைகளின் மொழியாயிற்று. 1966இல் பங்கீடு இரண்டு கொத்திலிருந்து ஒன்றாகக் குறைக்கப்பட்டு, அந்த ஒன்று இலவசமாக்கப்பட்டது. 1970இல் சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவந்து இரண்டு கொத்தும் தருவோம் என்ற வாக்குறுதியோடு சிறிமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டணி வென்றது. ஆனால் உலகச் சந்தையில் தானிய விலை உயர்ந்தபோது, 1973 முதல் பங்கீடு சுருங்கியது. உணவகங்களில் வாரத்தில் இரு நாட்கள் சோறு பரிமாறுவது தடுக்கப்பட்டது. மக்கள் பாணுக்காக வரிசையில் நின்றனர். மரவள்ளிக் கிழங்கு உண்டனர்.

பாணைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இந்நாட்டு ஏழைக்கு முதலில் கிடைத்த கடைச்சோறு பாண்தான். அதற்கு வீட்டில் விறகு வேண்டாம். குற்றவும் வேண்டாம், அரைக்கவும் வேண்டாம். இறக்குமதிக் கோதுமை மாவுக்கு மானியம் கிடைத்த காலங்களில், விளைந்த நெல்லை வீட்டில் ஆக்குவதைவிடக் கடையில் பாண் வாங்குவது எளிதாயிற்று. வயல்களின் நடுவே வாழ்ந்தவனும் காலையில் கோதுமையை நம்பத் தொடங்கினான்.

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. இக்கரையின் தென்னந்தோப்புகள் பெருமளவு சாய்ந்தன. வளவில் பொறுக்கிய தேங்காயைக் கடையில் வாங்கும் நிலை எத்தனையோ வீடுகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு, 1979இல், பங்கீட்டு முறையே நீக்கப்பட்டு உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே இருக்க, சந்தை விலை ஏறிக்கொண்டே போயிற்று. சில ஆண்டுகளுக்குள் முத்திரையின் உண்மையான மதிப்பு ஏறத்தாழப் பாதியாகத் தேய்ந்தது. இவ்வாறு அரிசி, தேங்காய், விறகு என்ற ஒவ்வொன்றும் காசுக்குரிய பொருளாயிற்று. காசில்லாமல் எரிந்த அடுப்பு காசைத் தின்னத் தொடங்கியது.

பின்னர் வந்த போர் ஆண்களைக் கொண்டுபோயிற்று. குடும்பத்தைத் தலைதாங்க நேர்ந்த பெண்கள் பலர் இடியப்பமும் பிட்டும் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தனர். வேறு பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றனர். இங்கே ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். தன் வீட்டில் ஆக்கிய சோற்றுக்கு ஒரு சதமும் பெறாதவள், அந்நியன் வீட்டில் அதே வேலைக்குச் சம்பளம் பெறுகிறாள். அவள் அனுப்பும் காசிலிருந்து அவளுடைய பிள்ளைகளுக்குக் கடைச்சோறு வாங்கப்படுகிறது. சமையல் ஓர் உழைப்பே என்பதை நம் சமூகம் கடலுக்கு அப்பால் மட்டுமே ஒப்புக்கொள்கிறது.

2022ஆம் ஆண்டின் நெருக்கடி இந்தக் கணக்கை மீண்டும் கலைத்தது. 2021 அக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. அதே எண்ணெயால் நீரிறைக்கும் தோட்டக்காரனுக்கு அடுப்பும் கிணறும் ஒருங்கே சுட்டன. கொழும்பின் உணவுப் பணவீக்கம் செப்டெம்பரில் 94.9 சதவீதத்தைத் தொட்டது. பார்சலின் விலையும் ஏறியது. வாங்க இயலாதவன் விறகுக்குத் திரும்பினான். அதுவும் இயலாதவன் ஒரு வேளை உணவைக் குறைத்தான்.

அப்படியானால் எது மலிவு? தனியே வாழும் தொழிலாளிக்குப் பார்சலே மலிவு. ஒருவனுக்கு உலை வைத்தாலும் ஆறு பேருக்கு வைத்தாலும் எரிபொருட் செலவில் பெரும் வேறுபாடில்லை. ஒருவனுக்காக உடைத்த தேங்காயில் பாதி வீணாகும். ஆறு பேருள்ள வீட்டிலோ உலையே மலிவு. ஆனால் இந்த இரண்டாவது விடை உண்மையாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சமைப்பவளின் மூன்று நான்கு மணி நேரத்துக்கு விலை இல்லை என்று நாம் எழுதிக்கொள்ளவேண்டும். அவளுக்கு ஒரு நாட்கூலியில் பாதியைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். வீட்டுச் சோற்றின் மலிவு எங்கே போயிற்று என்று தேடவேண்டியிருக்கும்.

கடைச்சோற்றின் மலிவும் வானத்திலிருந்து விழுவதன்று. கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவுபவளும், விடியுமுன் இடியப்பம் பிழிந்து எண்ணிக் கொடுப்பவளும் பெறும் கூலி குறைவாக இருப்பதால்தான் பார்சலின் விலை தாழ்ந்து நிற்கிறது. வீட்டில் இலவசம், கடையில் அரைக்கூலி: இரண்டு மலிவுக்கும் ஈடு கொடுப்பவை பெரும்பாலும் ஒரே கைகள்.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு என்று வரலாறு சொல்கிறது. போர்க்காலப் பிரித்தானியாவில் உள்ளூராட்சி மன்றங்கள் பொது உணவகங்களை நடத்தின. 1943இல் அவை இரண்டாயிரத்தைத் தாண்டின. 2013இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்து, ஓர் இட்லியை ஒரு ரூபாய்க்கும் சாம்பார் சாதத்தை ஐந்து ரூபாய்க்கும் வழங்கியது. அங்கே சமைத்தவர்கள் கூலி பெற்ற பெண்கள். விலையைத் தாங்கியது பொதுப் பணம். எந்த ஏழைப் பெண்ணின் இலவச உழைப்பையும் சுரண்டாமல் சோறு மலிவாக முடியும் என்பதற்கு இவை சான்று.

1953இல் மக்கள் அரிசியின் விலையைக் கேட்டுத் தெருவில் இறங்கினர். அரிசியைச் சோறாக்கும் கைகளின் விலையை அன்றும் எவரும் கேட்கவில்லை. களுதாவளையில் வெற்றிலைக் கொடிக்காலில் நாட்கூலிக்குக் கொழுந்து கிள்ளிய பெண் மாலையில் வீடு திரும்பி அடுப்பை மூட்டும்போது, அவளுடைய இரண்டாவது வேலைநாள் தொடங்குகிறது. பள்ளியில் பிள்ளைக்கு நல்ல மதிய உணவு, ஊர்தோறும் கூலி கொடுத்து நடத்தப்படும் பொதுச் சமையற்கூடம், வீட்டில் ஆணும் பங்கேற்கும் அடுப்பு: இவை அவளுக்கு நாம் செலுத்தவேண்டிய பழைய கடனின் முதல் தவணைகள். அக்கடன் தீரும்வரை எந்தச் சோற்றையும் மலிவு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.