செபம் மணியான வரலாறு

ஆங்கிலத்தில் 'பீட்' என்றால் மணி. கழுத்தில் அணியும் பாசிமணிக்கும், நெற்றியில் அரும்பும் வியர்வைத் துளிக்கும், துப்பாக்கி முனையில் குறிபார்க்க உதவும் சிறு குமிழுக்கும் இன்று அதுவே பெயர். பழைய ஆங்கிலத்திலோ அச்சொல்லுக்குச் செபம் என்பதே பொருள். செபங்களை மணி உருட்டி எண்ணியதால், 14ஆம் நூற்றாண்டளவில் செபத்தின் பெயர் மணிக்கு ஆயிற்று. நம் இலக்கண நூலார் இதனை ஆகுபெயர் என்பர். உபகாரிக்காகச் செபிக்கும் ஏழைக்கு 'பீட்ஸ்மேன்' என்ற பெயரும் வழங்கிற்று.

திருத்தந்தை மந்திரித்த செபமணிகளைக் கொணர்ந்து பிறருக்கு அளிப்போரைத் தண்டிக்க, 1571இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் சட்டமியற்றியது. செபமாலை மறைவிடம் புகுந்தது; சொல் மட்டும் கடைவீதியில் தங்கிற்று. அங்கே பொருள் போய் மணி எஞ்சியது. நம் விரல்களிடையே நகர்வது செபமா, மணியா?