ஒரு மணிநேரத்தின் விலை

பணம் கைமாறாமல், ஒரு வட்டாரத்து மக்கள் தங்கள் திறன்களையும் பொருட்களையும் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் அமைப்புகளின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினால் முதலில் இரண்டு ஆண்களின் பெயர்களே கண்ணில் படும். ஒருவர் மைக்கேல் லிண்டன். 1983இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், கோமாக்ஸ் பள்ளத்தாக்கில் 'லெட்ஸ்' என்ற பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கியவர். இன்னொருவர் எட்கர் கான். 1980களில் அமெரிக்காவில் 'டைம் டாலர்' என்ற கருத்தை முன்வைத்த சட்டப் பேராசிரியர். இருவர் பங்களிப்பையும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் லிண்டனுக்குப் பத்தாண்டுகள் முன்பே, 1973இல், ஜப்பானின் ஒசாகாவில் ஒரு பெண் இப்படியோர் அமைப்பைத் தொடங்கி நாடு முழுவதும் பரப்பியிருந்தார். அவர் பெயர் தெருகோ மிசுஷிமா. அமைப்பின் பெயர் தன்னார்வ உழைப்பு வங்கி.

மிசுஷிமா 1920இல் ஒசாகாவில் ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தார். 1939இல் படிப்பதற்காக அமெரிக்கா சென்றார். இரு நாடுகளுக்கும் இடையே பகை முற்றிக்கொண்டிருந்த காலம் அது. நினைத்ததைவிடச் சீக்கிரமே ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. கையோடு கொண்டுவந்தது தையல் பயிற்சி. திருமணம், குழந்தை, போர் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. கணவர் படைக்கு அழைக்கப்பட்டார்.

போர்க்காலத்திலும் அதற்குப் பிந்தைய பஞ்சத்திலும் ஜப்பானிய நகரங்களில் பணத்துக்குப் பெரிய மதிப்பில்லை. நகரத்துப் பெண்கள் தங்கள் கிமோனோக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போய் அரிசியாக மாற்றி வந்தார்கள். மூங்கில் குருத்தின் மடல்களை ஒவ்வொன்றாக உரிப்பதுபோல உடுப்புகளை உரித்துக் கொடுத்துப் பிழைத்ததால், அந்த வாழ்க்கைக்கு 'மூங்கில் குருத்து வாழ்க்கை' என்றே பெயர் வந்தது. மிசுஷிமா தைத்துக் கொடுத்துக் காய்கறி வாங்கினார். கிமோனோ ஒருமுறை போனால் போனதுதான். கையில் இருக்கும் தொழில் அப்படித் தீர்ந்துபோவதில்லை. சந்தை விலை வைக்காத பெண்களின் உழைப்புதான் சந்தை சரிந்த நேரத்தில் குடும்பத்துக்குச் சோறு போட்டது. உழைப்பின் மதிப்பு என்றால் என்ன, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்று மிசுஷிமா யோசிக்கத் தொடங்கியது அந்த ஆண்டுகளில்தான்.

ஜப்பானியப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1946இல். ஆண், பெண் சமத்துவத்தை எழுத்தில் ஏற்ற அரசியல் சட்டம் 1947இல் நடைமுறைக்கு வந்தது. புதிய வாழ்க்கையை அமைப்பதற்குப் பெண்களிடமிருந்து யோசனைகள் கேட்டு 1950இல் பத்திரிகைகள் ஒரு கட்டுரைப் போட்டியை நடத்தின. மிசுஷிமா தன் உழைப்பு வங்கி யோசனையை எழுதி அனுப்பிப் பரிசு பெற்றார். பரிசுக்கும் வங்கிக்கும் இடையில் 23 ஆண்டுகள். கட்டுரை எழுதும்போது 30 வயதில் இருந்தவர், வங்கியைத் தொடங்கும்போது 53 வயதை எட்டியிருந்தார். பெண்களின் நேரத்தைப் பற்றிய யோசனைக்கே இவ்வளவு காலம் காத்திருப்பு.

இடைப்பட்ட ஆண்டுகளில் ஜப்பானியப் பத்திரிகைகளில் 'இல்லத்தரசி விவாதம்' என்று பின்னாளில் பெயர் பெற்ற வாதங்கள் நடந்தன. 1955இல் அயாகோ இஷிகாகி, பெண்கள் வீட்டு வேலைக்குள் முடங்காமல் வெளியே வேலைக்குப் போக வேண்டும் என்று எழுதினார். வீட்டை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சிலர் மறுத்தார்கள். 1960இல் ஃபூஜிகோ இசோனோ, வீட்டு வேலை இவ்வளவு பயனுள்ளது என்றால் பொருளாதாரத்தில் அதற்கு ஏன் மதிப்பே இல்லை என்ற கேள்வியை எழுப்பினார். பொருளியல் அறிஞர்கள் பதில் சொன்னார்கள், வாதம் நீண்டது. மிசுஷிமா வேறு வழியில் போனார். ஊரும் அரசும் மதிப்பிடும்வரை காத்திராமல், பெண்கள் தாங்களே ஒரு கணக்கேட்டைத் திறந்தால் என்ன?

வங்கி தொடங்கிய காலத்தையும் கவனிக்க வேண்டும். 1970இல் ஜப்பானிய மக்கள்தொகையில் 65 வயதைக் கடந்தோரின் பங்கு 7 விழுக்காட்டைத் தாண்டியது. 1972இல் வெளிவந்த சவாகோ அரியோஷியின் நாவல் ஒன்று, நினைவு தவறிய மாமனாரைப் பராமரிக்கும் மருமகளின் கதையைச் சொல்லிப் பல லட்சம் பிரதிகள் விற்றது. வாங்கிப் படித்தவர்களில் எத்தனையோ பேருக்கு அது தங்கள் வீட்டுக் கதை. 1973ஐ அரசு 'நலவாழ்வின் முதல் ஆண்டு' என்று அறிவித்து முதியோருக்கு இலவச மருத்துவம் தந்தது. அதே ஆண்டின் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்தது. செலவுக்கு அரசு தயங்கத் தொடங்கியது. மருத்துவமனைக்கு வெளியே நடக்கும் குளிப்பாட்டலும் ஊட்டலும் இரவுக் காவலும் வழக்கம்போல மருமகள்கள் தலையில் நின்றன.

வங்கியின் விதி எளிமையானது. உறுப்பினர் இன்னொருவருக்காக ஒரு மணிநேரம் உழைத்தால் அவர் கணக்கில் ஒரு புள்ளி சேரும். என்ன வேலை என்பது பொருட்டில்லை. தனக்குத் தேவை வரும்போது அந்தப் புள்ளியைக் கொடுத்து இன்னோர் உறுப்பினரின் ஒரு மணிநேரத்தைப் பெறலாம். இதன் பின்னால் ஒரு பெண்ணின் முழு ஆயுளையும் பார்க்கும் பார்வை இருந்தது. கைக்குழந்தை இருக்கும்போது அவளுக்கு உதவி தேவை. பிள்ளைகள் வளர்ந்தபின் கொஞ்சம் நேரம் மிஞ்சும். முதுமையில் மறுபடி உதவி தேவைப்படும். நடுவயதில் மிஞ்சும் நேரத்தைச் சேமித்து முதுமையில் எடுத்துக்கொள்ளலாம் என்றார் மிசுஷிமா. சம்பளமும் ஓய்வூதியமும் இல்லாத இல்லத்தரசிக்குத் தன் பெயரில் ஒரு சேமிப்பு என்பது சின்ன விஷயமா? 1978இல் வங்கியில் சுமார் 2,600 உறுப்பினர்கள் இருந்தார்கள். பதின்வயதுப் பெண்கள் முதல் எழுபதைத் தாண்டியவர்கள் வரை. 1983இல் 262 கிளைகளில் 3,800 பேருக்கு மேல். ஒரு கிளை கலிபோர்னியாவில் இருந்தது.

'எந்த வேலையானாலும் ஒரு மணிக்கு ஒரு புள்ளி' என்ற விதியின் கனம், லெட்ஸோடு ஒப்பிட்டால் தெரியும். லிண்டனின் திட்டத்தில் 'பச்சை டாலர்' கனடா டாலருக்குச் சமம். வேலைக்கு என்ன விலை என்பதைக் கொடுப்பவரும் வாங்குபவரும் பேசிக்கொள்ள வேண்டும். பேச்சு தொடங்கும் இடத்திலேயே சந்தையின் பழக்கம் உள்ளே வந்துவிடும். குழாய் பழுது பார்ப்பவர் வெளியே வாங்கும் கூலியை மனதில் வைத்துக் கேட்பார். குழந்தை பார்த்துக்கொள்பவள் வெளியே கிடைக்கும் குறைந்த கூலியை மனதில் வைத்து அதைவிடவும் குறைத்துக் கேட்பாள். 1990களில் பிரிட்டனில் இத்தகைய குழுக்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. மான்செஸ்டரில் நாணயத்துக்கு 'பாபின்' என்று பெயர், பிரிக்ஸ்டனில் 'பிரிக்'. சில குழுக்கள் எல்லா வேலைக்கும் ஒரே மணிக்கூலியை வைத்தன. பல குழுக்கள் உறுப்பினர் விருப்பத்துக்கு விட்டன. நாணயத்தின் பெயர் மாறியதாலேயே பெண் உழைப்பின் விலை ஏறிவிடாது.

லெட்ஸிடம் நாம் கற்க வேண்டியதும் உண்டு. அங்கே புதிய உறுப்பினரின் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கும். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கொடுக்கலாம், வட்டி கிடையாது. கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனால், அவர் இந்த ஊருக்குத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று பொருள். கொடுத்துக்கொண்டே இருப்பதைப் பண்பாகவும் கேட்பதைக் குறையாகவும் பழக்கப்பட்ட பெண்ணுக்கு இந்த விதி ஒரு விடுதலை. அவள் வாங்கினால்தான் இன்னொருத்தியின் கணக்கில் ஏறும். அவள் கேட்காவிட்டால் அமைப்பே நின்றுபோகும்.

அர்ஜென்டினாவின் அனுபவம் எச்சரிக்கையும் தருகிறது. 1995 மே 1 அன்று புவெனஸ் அயர்ஸை அடுத்த பெர்னாலில் ஒரு பண்டமாற்றுக் குழு தொடங்கியது. 2001 இறுதியில் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது இலட்சக்கணக்கானோர் இத்தகைய குழுக்களுக்கு வந்தார்கள். பெரும்பான்மையோர் பெண்கள். வீட்டில் சமைத்தது, தைத்தது, பின்னியது எல்லாம் அங்கே மேசைக்கு வந்தன. பரிமாற்றத்துக்கு அச்சிட்ட சீட்டுகள் பயன்பட்டன. கூட்டம் பெருகியபோது சீட்டுகள் அளவின்றிப் பெருகின, போலிகளும் புகுந்தன. 2002 முடிவதற்குள் பல குழுக்கள் மூடப்பட்டன. உண்மையாகச் சமைத்துக் கொண்டுவந்தவள் கையில் கடைசியில் மிஞ்சியது செல்லாத சீட்டு. யார் சீட்டை அச்சிடுகிறார்கள், யார் கணக்கைப் பார்க்கிறார்கள் என்ற கேள்வியை விட்டுவிட்டால் நட்டம் யாருக்கு என்பது இங்கே தெளிவாகிறது.

மிசுஷிமாவின் வங்கியையும் விமர்சனமின்றி ஏற்க முடியாது. அடுத்த வீட்டு மாமியாரைக் குளிப்பாட்டினால் புள்ளி உண்டு. சொந்த வீட்டு மாமியாரைக் குளிப்பாட்டினால் இல்லை. பெண் உழைப்பின் பெரும்பகுதி இந்தக் கணக்கேட்டுக்கும் வெளியேதான் நின்றது. உறுப்பினர்கள் பெரும்பாலும் இல்லத்தரசிகள். ஆண்கள் வராதவரை சுமை ஒரு பெண்ணின் தோளிலிருந்து இன்னொரு பெண்ணின் தோளுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். சேமித்த மணிநேரத்துக்கு உத்தரவாதமும் இளையவர்கள் தொடர்ந்து சேர்வதில்தான் இருக்கிறது. அவர்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால் எழுபது வயதில் அந்தப் புள்ளிகளை யாரிடம் மாற்றுவது? அதனால்தான் பொதுப் பொறுப்பைக் கேட்ட குரல்களும் தேவைப்பட்டன. கெய்கோ ஹிகுச்சியும் தோழிகளும் 1983இல் முதியோர் சமூகத்தைப் பற்றிப் பெண்களின் அமைப்பொன்றைத் தொடங்கி, பராமரிப்பு மருமகளின் கடமை மட்டுமே என்ற எண்ணத்தை எதிர்த்துப் போராடினார்கள். நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டம் 1997இல் நிறைவேறி, 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மிசுஷிமா அதைப் பார்க்கவில்லை. 1996இல் அவர் இறந்துவிட்டார்.

காப்பீடு வந்ததால் உழைப்பு வங்கி தேவையற்றுப் போனது என்றோ, வங்கி இருந்தால் அரசு ஒதுங்கிக்கொள்ளலாம் என்றோ சொல்வதற்கில்லை. மழலையர் பள்ளியும் முதியோர் பராமரிப்பும் அரசின் கடமை. அக்கம்பக்கத்துப் பெண்களின் மணிநேரங்களைக் காட்டி அந்தக் கடமையைக் கைகழுவ யாரையும் அனுமதிக்கக் கூடாது. அதே நேரத்தில், காய்ச்சலில் படுத்திருக்கும் நாளில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஒருத்தி வேண்டும். கடன்பட்ட கூச்சம் இல்லாமல் அவளை அழைக்க ஓர் ஏற்பாடும் வேண்டும்.

இன்று இப்படியொரு குழுவில் சேர நினைக்கும் பெண், சேரும் முன்பே சில கேள்விகளைக் கேட்கலாம். இங்கே சமையலின் ஒரு மணிநேரமும் கணினி பழுதின் ஒரு மணிநேரமும் ஒன்றா? உறுப்பினர்களில் ஆண்கள் எத்தனை பேர், அவர்கள் என்ன வேலை தருகிறார்கள்? கணக்கு எழுதுவதும் தொலைபேசியில் ஆள் தேடுவதும் யார் வேலை. அந்த உழைப்புக்குப் புள்ளி உண்டா? குழு கலைந்தால் சேமிப்பு என்னாகும்? விடை சரியில்லை என்றால் விதியை மாற்றச் சொல்லலாம். உறுப்பினர்களே எழுதிய விதி, உறுப்பினர்களே மாற்றலாம். மிசுஷிமா கணக்கேட்டைத் திறந்தது பெண்கள் தங்கள் நேரத்தின் விலையைத் தாங்களே பேசுவதற்காகத்தான்.