திரீ-டி பிரின்ட்டர் எப்படி மலிவானது? 'கட்டற்ற வன்பொருள்' பற்றித் தெரிந்துகொள்வோம்

பள்ளியிலோ நூலகத்திலோ 'திரீ-டி பிரின்ட்டர்' எனும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தை நீங்கள் பார்த்திருக்கலாம்.

20 ஆண்டுக்குமுன் அதன் விலை பல்லாயிரம் வெள்ளி. இன்று சில நூறு வெள்ளிக்கே கிடைக்கிறது.

அதற்கு ஒரு முக்கியக் காரணம், அதன் வடிவமைப்பைச் சிலர் பூட்டி வைக்காமல் எல்லாருக்கும் கொடுத்ததுதான்.

கட்டற்ற வன்பொருள் என்றால் என்ன?

யோசனை மென்பொருளிலிருந்து வந்தது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்பது அதன் கொள்கை.

அதே கொள்கையைப் பொருள்களுக்கும் பொருத்தினால் அதுதான் கட்டற்ற வன்பொருள். வரைபடம், மின்சுற்றுப் படம், பாகங்களின் பட்டியல் எல்லாமே பொதுவில் இருக்கும். அதைப் பார்த்து நீங்களே செய்யலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம்.

அப்படியென்றால் பொருளும் ஓசியா?

இல்லை. பரோட்டா செய்யும் முறையைச் சும்மா சொல்லித் தரலாம். ஆனால் மாவும் எண்ணெயும் காசு கொடுத்துத்தானே வாங்கவேண்டும்? இங்கே பகிரப்படுவது செய்முறை மட்டுமே.

பிரின்ட்டரின் கதை

2005இல் பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் பவ்யர் 'ரெப்ராப்' திட்டத்தைத் தொடங்கினார். தனக்குத் தேவையான பிளாஸ்டிக் பாகங்களைத் தானே அச்சிடும் இயந்திரத்தை உருவாக்குவது நோக்கம். 2008இல் ஓர் இயந்திரம் அச்சிட்ட பாகங்களைக் கொண்டு முதல் 'பிள்ளை' இயந்திரம் தயாரானது.

வடிவமைப்பு இணையத்தில் இருந்ததால் பல நாட்டினர் அதைச் செய்துபார்த்தனர். குறையைத் திருத்தித் திரும்பப் பகிர்ந்தனர்.

2009இல் அந்த அச்சு முறைக்கான முக்கியக் காப்புரிமை காலாவதியானது. பலர் தயாரிப்பில் இறங்கினர். விலை மளமளவெனச் சரிந்தது.

சிக்கலே இல்லையா?

இருக்கிறது. ரெப்ராப் வழியில் 2009இல் நியூயார்க்கில் தொடங்கிய 'மேக்கர்பாட்' நிறுவனம், 2012இல் வந்த புதிய இயந்திரத்தின் வடிவமைப்பை முழுமையாக வெளியிடவில்லை. "எல்லாரும் சேர்ந்து வளர்த்ததை மூடுவது நியாயமா?" என்று பலர் கொதித்தனர்.

சட்டமும் முழுதாகக் கைகொடுப்பதில்லை. பதிப்புரிமை வரைபடக் கோப்பைக் காக்கும். பொருள் வேலைசெய்யும் விதத்தைக் காக்காது. அதற்குக் காப்புரிமை வேண்டும். அதைப் பெற நிறையச் செலவாகும்.

அதனால் வன்பொருளுக்கென்றே தனி உரிமங்கள் வந்தன. ஐரோப்பிய ஆய்வு அமைப்பான 'செர்ன்' 2011இல் ஒன்றை வெளியிட்டது. 2020இல் அது 3 வகையானது. மாற்றம் செய்து பொருளை மற்றவருக்குக் கொடுப்பவர், மாற்றிய வடிவமைப்பையும் பகிரவேண்டும் என்று ஒரு வகை கண்டிப்பாகச் சொல்கிறது.

வாங்கும்போது எதைக் கவனிக்கலாம்?

- மாற்றக்கூடிய அசல் கோப்பு கிடைக்கிறதா? வெறும் படம் போதாது.

- பாகங்களின் பட்டியல் உண்டா?

- எந்த உரிமம் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா?

- திறந்தநிலை வன்பொருள் சங்கத்தின் சான்றிதழ் எண் உள்ளதா? 2016 முதல் அது வழங்கப்படுகிறது.

இதெல்லாம் ஏன் முக்கியம்? ஒரு பாகம் உடைந்துபோகிறது, அதைத் தயாரித்த நிறுவனமும் மூடப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பு உங்கள் கையில் இருந்தால் அந்தப் பாகத்தை நீங்களே செய்துகொள்ள வழியுண்டு. இல்லாவிட்டால் முழுப் பொருளும் குப்பைக்குத்தான் போகும்.